முதல் அடை



தோட்டத்து லயங்களில் வாழ்ந்தவர்களுக்கு அடை வைப்பது புதிதல்ல. பழைய கூடை, கொஞ்சம் வைக்கோல், பத்து முட்டை. மற்றதைக் கோழி பார்த்துக்கொள்ளும். இன்று சுங்கைப்பட்டாணி, கூலிம் போன்ற ஊர்களில் குடியேறிவிட்டவர்கள் சிறிய மின் அடைகாப்பானை வாங்கி அதே வேலையைச் செய்து பார்க்கலாம். ஆனால், இயந்திரம் சூட்டை மட்டுமே தரும். கோழிக்குள்ள கவனத்தை நாம்தான் தரவேண்டும்.

முதலில் முட்டை. சேவலோடு சேராத கோழிகள் இடும் கடை முட்டை பொரிக்காது. சேவலோடு திரியும் கம்பத்துக் கோழிகளின் முட்டையைத் தேடுங்கள். இட்டு ஏழு நாளுக்கு மேற்படாதிருக்கட்டும். அதைக் கழுவ வேண்டாம். ஓட்டின் நுண்துளைகள் வழியே கிருமி உள்ளே புகும்.

பெட்டியை ஒரு நாள் வெறுமையாக ஓடவிட்டுச் சூட்டைச் சரிபாருங்கள். விசிறி உள்ள பெட்டிக்கு 37.5 பாகை செல்சியஸ் வேண்டும். சூடு குறைவதைவிடக் கூடுவதே பெருங்கேடு. இடிமழையில் மின்சாரம் நின்றால் பதறாதீர்கள். மூடியைத் திறக்காமல் துணியால் போர்த்தி வைத்தால், கரு சிறிது நேரம் தாங்கும்.

கோழி தன் முட்டையை அலகால் அடிக்கடி புரட்டும். புரட்டாவிட்டால் கரு உட்சவ்வோடு ஒட்டி மடிந்துவிடும். ஆகவே, நாளுக்கு மூன்று அல்லது ஐந்து முறை திருப்புங்கள். ஒற்றைப்படையாகத் திருப்பினால்தான் நீண்ட இரவில் ஒரே பக்கம் மேலாக அமையாது. ஓட்டில் பென்சிலால் அடையாளமிட்டால் குழப்பம் வராது.

முதல் 18 நாள் ஈரப்பதம் 50 விழுக்காட்டை ஒட்டி இருந்தால் போதும். நம் கெடா மாநிலக் காற்றே ஈரமானது. மழைக்காலத்தில் கொஞ்சம் தண்ணீரே போதும். சனவரி, பிப்ரவரி வறட்சியில் சற்றுக் கூடுதலாக ஊற்றுங்கள். அளவுக்கு மிஞ்சிய ஈரமும் ஆகாது. முட்டையிலிருந்து போதிய நீர் வெளியேறினால்தான் குஞ்சு மூச்சுவிடும் காற்றறை பெரிதாகும்.

ஏழாம் நாள் இருட்டறையில் முட்டையின் அகன்ற முனையில் கைவிளக்கைப் பிடியுங்கள். சிலந்தி போல் சிவந்த நரம்புகள் தெரிந்தால் உயிர் உண்டு. ஒன்றும் தெரியாதது கூமுட்டை; எடுத்துவிடுங்கள். மூன்றாம் நாளிலேயே இதயம் இரத்தப் புள்ளியாகத் துடிப்பதை அரிஸ்டாட்டில் 2300 ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவைத்தார். பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல அறிவியல் பாடம் ஏது?

18ஆம் நாள் புரட்டுவதை நிறுத்தி, ஈரத்தை 65 விழுக்காட்டுக்கு மேல் உயர்த்துங்கள். 21ஆம் நாளையொட்டி ஓட்டில் கீறல் விழும். அதிலிருந்து குஞ்சு வெளிவர ஒரு நாள்கூட ஆகலாம். புதியவர்கள் குஞ்சுகளைப் பறிகொடுப்பது பெரும்பாலும் இந்த நேரத்தில்தான். இரக்கப்பட்டு மூடியைத் திறந்தால் ஈரம் வெளியேறும். சவ்வு காய்ந்து குஞ்சை இறுக்கிவிடும். ஓட்டை உரித்தாலோ, இன்னும் வற்றாத இரத்தக் குழாய்கள் அறுந்துபோகும். குஞ்சு சும்மா கிடப்பதாகத் தோன்றும் வேளையில்தான் மஞ்சள் கரு அதன் வயிற்றுக்குள் இழுக்கப்படுகிறது. அந்த உணவு இரண்டு நாள் தாங்கும், தீனிக்கும் அவசரமில்லை.

இறகு உலர்ந்த குஞ்சுகளை 35 பாகைச் சூடுள்ள கூண்டுக்கு மாற்றுங்கள். ஏறக்குறையப் பாதி சேவலாகவே இருக்கும், விடியுமுன்னே கூவும். ஆகவே, முட்டை வாங்குமுன் நகராண்மைக் கழகத்தின் விதியையும் அண்டை வீட்டாரின் மனத்தையும் கேட்டறிந்துகொள்ளுங்கள். பொரித்தபின் கைவிடுவதற்கு அது பொம்மையல்ல, உயிர்.