பாலங்களின் நிலையும் கிராமத்தாரின் பங்கும்

(காடாம்புலியூரில் ஊராட்சிச் செயலர்கள், மகளிர் குழுவினர், விவசாயிகள் ஆகியோர் கூடிய கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



இக்கூட்டத்திற்கு வந்துள்ள உங்களில் பெரும்பாலோர் இன்று காலையில் ஒரு பாலத்தையேனும் கடந்தே வந்திருப்பீர்கள். அது ஓடையின் மேல் அமைந்த சிறு குழாய்ப் பாலமாக இருக்கலாம். கெடிலத்தின் மேலுள்ள பெரும் பாலமாகவும் இருக்கலாம். கடக்கும்போது அதனைப் பற்றி எவரும் எண்ணியிருக்க மாட்டோம். பாலம் நன்றாக இருக்கும் வரையில் அதனை நினைப்பார் இல்லை.

நமது ஊர், விக்கிரவாண்டியிலிருந்து கும்பகோணம் வழியாகத் தஞ்சாவூர் செல்லும் தேசிய நெடுஞ்சாலையில் அமைந்துள்ளது. வடக்கே தென்பெண்ணை, பண்ருட்டியில் கெடிலம், தெற்கே சேத்தியாத்தோப்பில் வெள்ளாறு, அணைக்கரையில் கொள்ளிடம் ஆகிய ஆறுகளை இச்சாலை கடந்து செல்கிறது. நமது முந்திரிப் பருப்பும் பலாப் பழமும் சென்னைக்குப் போக வேண்டுமாயின் தென்பெண்ணையைத் தாண்ட வேண்டும். சோழ மண்டலத்திற்குப் போக வேண்டுமாயின் கொள்ளிடத்தைத் தாண்ட வேண்டும். அணைக்கரையில் என்ன நடந்தது என்பதை லாரி வைத்திருப்போர் நன்கு அறிவர். ஆர்தர் காட்டன் 1836-ஆம் ஆண்டில் அமைத்த கீழணையின் மேலுள்ள பழைய பாலம் வலுக் குன்றியதால், கனரக வாகனங்கள் அதன்மேல் செல்வது தடுக்கப்பட்டு, அவை நெடுந்தூரம் சுற்றிச் சென்ற காலம் உண்டு. சுற்றிச் சென்ற டீசல் செலவைக் கொடுத்தது யார்? சரக்கை விற்றவரும் வாங்கியவருமே.

பாலம் ஏன் விழுகிறது? நான் பொறியாளன் அல்லேன். ஆயினும், பொறியாளர்களோடு பல ஆண்டுகள் பணியாற்றி அறிந்ததைக் கூறுகிறேன். பாலம் பாரத்தினால்தான் முறிகிறது என்று நாம் கருதுகிறோம். நம் ஆறுகளில் பெரும்பாலும் அப்படி நிகழ்வதில்லை. பாலத்தை வீழ்த்துவது அதன் காலடியில் ஓடும் நீரே ஆகும். பெருக்கெடுத்து வரும் வெள்ளம் தூணில் மோதியவுடன் ஒரு பகுதி கீழ்நோக்கிப் பாய்ந்து, தூணின் அடியைச் சுற்றிச் சுழன்று மணலைக் கிளறி எடுத்துச் செல்கிறது. பெருவெள்ளத்தில் தூணைச் சுற்றி ஆள் உயரத்திற்கு மேலும் பள்ளம் விழக் கூடும். நம் நாட்டு விதிகளின்படி, ஆற்றில் பொதுவாக ஏற்படும் அரிப்பைப் போல் இருமடங்கு தூணருகே ஏற்படும் எனக் கொண்டு, அதற்கும் கீழே அஸ்திவாரத்தை இறக்குகின்றனர்.

இதில் ஒரு வஞ்சகம் உண்டு. வெள்ளம் வடியும்போது அப்பள்ளத்தில் மணல் மீண்டும் வந்து நிரம்பி விடுகிறது. தை மாதத்தில் போய்ப் பார்ப்பவருக்கு ஆறு சமதளமாகத் தோன்றும். ஆனால் அங்கே கிடப்பது உறுதியான படுகை அன்று. புதிதாக வந்து விழுந்த தளர்ந்த மணல். அடுத்த வெள்ளத்தில் முதலில் போவது அதுவே.

திருச்சிராப்பள்ளியில், திருவானைக்காவலையும் வடகரையையும் இணைத்து 1928-இல் கட்டப்பட்ட கொள்ளிடப் பாலத்தை உங்களில் பலர் கண்டிருப்பீர்கள். பக்கத்தில் புதிய பாலம் 2016-இல் திறக்கப்பட்டபின் பழையதில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. 2018 ஆகஸ்டு மாத வெள்ளத்தில் அதன் தூண்கள் சரிந்து ஆற்றில் வீழ்ந்தன. அன்று அதன்மேல் ஒரு மாட்டு வண்டி கூட இல்லை. பாரம் ஏதுமின்றியே விழுந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். போக்குவரத்தை முன்கூட்டியே நிறுத்தியிருந்ததால் ஓர் உயிரும் போகவில்லை.

புதிய பாலமாயின் கவலை இல்லை என்றும் இருந்து விடலாகாது. திருவண்ணாமலை மாவட்டத்தில் அகரம்பள்ளிப்பட்டையும் தொண்டமானூரையும் இணைத்துத் தென்பெண்ணையின் மேல் ஏறத்தாழ 16 கோடி ரூபாய் செலவில் கட்டிய உயர்மட்டப் பாலம் 2024 செப்டம்பரில் திறக்கப்பட்டது. அவ்வாண்டு டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் மழையால் சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கும் மேலாக நீர் திறக்கப்பட்டபோது அப்பாலம் அடித்துச் செல்லப்பட்டது. அதே வெள்ளம் கீழிறங்கி வந்து நமது மாவட்டத்துக் கரையோர ஊர்களைப் படுத்திய பாட்டை நான் விவரிக்க வேண்டியதில்லை. பாலத்திற்குக் கணக்கிட்ட அளவைக் காட்டிலும் பன்மடங்கு நீர் வந்தது என்பது அரசு தரப்பு விளக்கம். அது மெய்யே எனினும், மழையின் போக்கு மாறிவரும் இந்நாளில், வெள்ளக் கணக்கையே மீண்டும் ஆராய வேண்டும் என்பது என் தாழ்மையான கருத்து.

வெள்ளத்திற்குத் துணை செய்வோர் நம்மிலும் உளர். பாலத்தருகே மணல் அள்ளுவதை விதிகள் தடை செய்துள்ளன. காரணம் தெளிவானது. படுகை ஒரு முழம் தாழ்ந்தால், அஸ்திவாரத்தைப் பிடித்துக்கொண்டிருந்த மண் ஒரு முழம் குறைகிறது. ஒரு வண்டி மணலால் வரும் ஆதாயம் ஒரு குடும்பத்திற்கு; பாலம் போனால் நட்டம் இருகரை ஊர்களுக்கும்.

மேல்தளத்தைப் பற்றியும் சில சொற்கள். பாலத்தின் ஓரத்தில் மழைநீர் வடிய விட்டிருக்கும் துளைகள் மண்ணாலும் செத்தையாலும் அடைபட்டுக் கிடப்பதை எங்கும் காணலாம். தேங்கிய நீர் கான்கிரீட்டினுள் இறங்கி, உள்ளிருக்கும் இரும்புக் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்கிறது. துருவேறிய கம்பி பருத்து, மேலுள்ள காரையைப் பிளந்து தள்ளும். அடிப்புறத்தில் செம்பழுப்புக் கோடுகள் தெரிந்தால் அதுவே முதல் அடையாளம். கம்பி வெளியே தெரியுமளவுக்கு விட்டுவிட்டால் செப்பனிடும் செலவு பல மடங்காகும். பழைய செங்கல், கல் பாலங்களில் அரசங்கன்று முளைப்பதும் அப்படியே. தண்டை மட்டும் வெட்டினால் வேர் உள்ளே இன்னும் பருக்கும். வேரோடு அழித்து, வெடிப்பைச் சாந்திட்டு அடைக்க வேண்டும். சாலையைப் புதுப்பிக்குந்தோறும் பழைய தாரைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதுத் தார் போடும் பழக்கமும் உண்டு. நாலைந்து முறை இவ்வாறு செய்தால், ஒரு வண்டியும் ஏறாமலே பாலம் பெருஞ்சுமை சுமக்கிறது.

இவையெல்லாம் அதிகாரிகள் பார்க்க வேண்டியவை அல்லவா என்று நீங்கள் கேட்கலாம். ஆம், அவர்கள் பார்க்கத்தான் வேண்டும். தேசிய நெடுஞ்சாலைப் பாலங்களை எண்ணி, தரம் பிரித்துப் பதியும் முறையை மத்திய அரசு 2016-இல் தொடங்கிற்று. ஆனால் ஆய்வுக்கு வரும் பொறியாளர் ஆண்டில் ஓரிரு நாட்களே பாலத்தைக் காண்பார். ஆடு மேய்ப்பவரும், கரையில் துணி வெளுப்பவரும், பள்ளிக்குச் செல்லும் பிள்ளையும் நாள்தோறும் காண்கின்றனர்.

குஜராத்தில் மகி ஆற்றின் மேல் 1985-இல் திறக்கப்பட்ட கம்பீரா பாலம் 2025 ஜூலை 9-ஆம் நாள் இடிந்து, வாகனங்களோடு இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அப்பாலத்தின் நிலை குறித்து அங்குள்ள மாவட்ட ஊராட்சி உறுப்பினர் ஒருவர் 2022-லேயே எழுதி எச்சரித்திருந்தார் என்று நாளிதழ்கள் வெளியிட்டன. கிராமத்தார் கண் சரியாகவே கண்டது. நம் பக்கத்து அரியலூரில் 1956 நவம்பர் 23-இல், மருதையாற்று வெள்ளத்தில் ரயில் பாலம் போனதறியாமல் வந்த தூத்துக்குடி விரைவு வண்டி ஆற்றில் வீழ்ந்து நூற்று நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். ரயில்வே அமைச்சராக இருந்த லால் பகதூர் சாஸ்திரி பதவி துறந்தார்.

ஆகவே கண்டதைச் சொல்வது எவ்விதம்? வாய்மொழியாகக் கூறுவது பயன் தராது. எழுத்தில் வேண்டும், அதுவும் உரியவரிடம் சேர வேண்டும். சாலையோர மைல்கல்லின் தலை மஞ்சளாக இருந்தால் அது தேசிய நெடுஞ்சாலை. பச்சையாக இருந்தால் மாநில நெடுஞ்சாலை. ஊராட்சி, ஊராட்சி ஒன்றியச் சாலைகளில் உள்ள பாலமும் மதகும் என் அலுவலகத்தைச் சேர்ந்தவை. எது யாருடையது என்று தெரியாவிட்டாலும் எங்களிடமே கொடுங்கள். உரிய துறைக்கு அனுப்பி, அனுப்பிய நாளை உங்களுக்குத் தெரிவிப்பது எங்கள் பொறுப்பு.

ஆண்டில் ஆறு முறை கிராம சபை கூடுகிறது. அவற்றுள் இரண்டினை இதற்குப் பயன்படுத்துவோம். அக்டோபர் 2-க்கு முந்திய வாரத்தில் ஒவ்வோர் ஊரிலும் நால்வர் சென்று, கண்ணறைகளில் ஆகாயத் தாமரையும் கருவேல முள்ளும் அடைத்துள்ளனவா, நீர்த்துளைகள் திறந்துள்ளனவா என்று பார்க்கட்டும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின், ஜனவரி 26-க்கு முன் மறுபடி பார்க்கட்டும். தூணின்மேல் சுண்ணாம்பால் ஒரு கோடு இட்டு, மணல்மட்டம் அதற்கு எத்தனை அடி கீழே உள்ளது என்று ஆண்டுதோறும் அளந்து எழுதி வைத்தால், ஆறு தாழ்வதைக் கண்ணாரக் காணலாம். வெள்ளக் காலத்தில் மட்டும் எவரும் ஆற்றில் இறங்க வேண்டா. தரைப்பாலத்தின் மேல் நீர் ஓடும்போது முழங்கால் அளவுதானே என்று வண்டியை விட வேண்டா.

இதற்கென ஊருக்கொரு குறிப்பேடு அச்சிட்டு வந்திருக்கிறது. கூட்டம் முடிந்ததும் செயலர்கள் கையொப்பமிட்டுப் பெற்றுக்கொள்ளலாம். உங்கள் எல்லைக்குள் உள்ள பாலம், மதகு, தரைப்பாலம் ஒவ்வொன்றின் பெயரையும் முதற்பக்கத்தில் எழுதி, இம்மாத முடிவுக்குள் ஒரு படியை அலுவலகத்தில் சேர்ப்பிக்க வேண்டுகிறேன்.