அடைக்கலம்



திருவாவடுதுறை ஆதீன வித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, 1876 பிப்ரவரி 1ஆம் நாள் காவிரி பாயும் அவ்வூரிலேயே மறைந்தார். அப்போது அவருக்கு வயது 60. 1871இல் அவரிடம் பாடம் கேட்க வந்த உ.வே. சாமிநாதையருக்கு அன்று இருபத்தொரு வயதுகூட நிறையவில்லை.

பல்லாயிரம் பாடல்கள் பாடியவர் பிள்ளையவர்கள். எனினும் இறுதியில் தம் பாடல் எதனையும் அவர் கேட்கவில்லை. திருவாசகத்தின் அடைக்கலப்பத்தைப் படிக்கச் சொன்னார். மாணவர் படிக்க, ஆசிரியர் கண்மூடிக் கேட்டார். உடல் அசைந்தபோது அவரைத் தம் மார்பில் சார்த்தித் தாங்கியவர் சவேரிநாத பிள்ளை என்னும் கிறித்தவ மாணவர். சைவப் புலவரின் கடைசிப் பொழுதில் ஒருவர் குரலானார், மற்றவர் சாய்மானமானார். அவர்களை ஒருங்கிணைத்தது அவரிடம் கேட்ட தமிழ். ஐம்பத்தேழு ஆண்டுகள் கடந்து, 1933, 1934ஆம் ஆண்டுகளில் இரு பாகங்களாக ஆசிரியரின் சரித்திரத்தை ஐயர் வெளியிட்டார். அன்று பக்கத்தில் இருந்த அன்பின் நீட்சியே அந்நூல்.

இதனை ஒத்த நிகழ்ச்சி ஒன்று இலண்டனிலும் உண்டு. அங்கே 1948இல் இறந்த டேவிட் தாஸ்மா என்னும் போலந்து அகதியின் நோய்ப்படுக்கையில் துணையிருந்தவர் சிசிலி சாண்டர்ஸ். ஆறுதல் சொல்லக் கேட்ட தாஸ்மா, நூலிலிருந்து படிப்பது வேண்டாம், உள்ளத்தில் இருப்பதே போதும் என்றார். அவர் விட்டுச்சென்ற 500 பவுன், 1967இல் சாண்டர்ஸ் திறந்த நோய்த்தணிப்பு இல்லத்திற்கு வித்தாயிற்று. ஒருவர் நூலைக் கேட்டார். ஒருவர் நூலை வேண்டாம் என்றார். இருவருக்கும் வேண்டியிருந்தது பழகிய ஒரு குரல்.

இன்று தஞ்சை வட்டாரத்தில் பிள்ளைகள் வெளியூரிலும் வெளிநாட்டிலும் வாழ, முதியோர் இல்லங்களில் நாள் எண்ணுவோர் பலர். அவர்களுக்கு மருந்து தர மருத்துவர் உண்டு. உணவு தரப் பணியாளர் உண்டு. அவர்கள் கேட்கும் பாட்டைப் படித்துக் காட்ட எவர் உண்டு? அங்கே செல்லும் கவிஞர் தம் கவிதையைக் கையில் எடுத்துச் செல்ல வேண்டுவதில்லை. எதைப் படிக்கட்டும் என்று முதலில் கேட்க வேண்டும். ஒன்றும் வேண்டாம் என்றால் அருகில் அமர்ந்திருக்க வேண்டும். மறுவாரமும் அதே முகம் அங்கே செல்ல வேண்டும்; ஒருநாள் வருகை நட்பாகாது.

பதினோராம் ஆண்டில் அடியெடுத்து வைக்கும் இவ்விலக்கிய வட்டம், கேட்போர் தேடி வரும் மேடையோடு, கேட்போரைத் தேடிச் செல்லும் பணியையும் மேற்கொள்ளட்டும்.