ஐந்து டாலருக்குப் போன போர்வை



அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் 1837-இல் அடிமையாகப் பிறந்த ஹாரியட் பவர்ஸ் அம்மையாரை நாம் இன்று நினைவுகூர விழைகிறோம். விடுதலை பெற்றபின் அவர், மனித உருவங்களையும் விலங்குகளையும் துணியில் வெட்டியெடுத்து, மற்றொரு துணியின்மேல் வைத்துத் தைத்து, விவிலியக் கதைகளைப் பதினொரு கட்டங்களாகக் காட்டும் போர்வையொன்றைப் படைத்தார்.

1886-இல் ஏதென்ஸ் நகரத்துக் கண்காட்சியில் அதனைக் கண்ட வெள்ளையர் ஓவிய ஆசிரியை ஒருவர் விலைக்குக் கேட்டார். அம்மையார் மறுத்தார். பின்னர் வறுமை நெருக்கிற்று. 1891-இல் பத்து டாலர் கேட்டு, ஐந்து டாலருக்கே கொடுக்க நேர்ந்தது. கொடுக்கும்போது கட்டந்தோறும் பொருள் உரைத்தார். வாங்கியவர் அதனை எழுதிவைத்தார். பின்னும் பன்முறை சென்று தம் போர்வையைக் கண்டு மீண்டார் அம்மையார். இன்று அது வாஷிங்டனில் தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளது.

தோழர்களே! போர்வையோடு அதன் பொருளும் நமக்குக் கிடைத்தது, ஒருவர் எழுதிவைத்ததனால் அன்றோ? நம் அன்னையரின் கைத்திறனை, அவர்தம் பெயரோடும் சொல்லோடும் எழுதிவைக்கப் பிறர் வரும்வரை காத்திருத்தல் வேண்டா. கல்வி கற்ற நாமே எழுதுவோம்!