அளவும் பதமும்



இலக்கிய வட்டத்தின் மேடையில் நண்டின் இரைப்பையைப் பற்றிய பேச்சுக்கு என்ன இடம் என்னும் வினா எழுவது இயல்பே. உயிரின் அமைப்பைப் பற்றி அறிஞர் பலர் கொண்டிருந்த எண்ணம் ஒன்றை அச்சிறு பிராணி அசைத்துவிட்டது என்பதே அதற்கு விடை.

நரம்பணுவின் மேற்சவ்வில் நுண்ணிய புரத வாயில்கள் பதிந்துள்ளன. சோடியம், பொட்டாசியம், கால்சியம் முதலிய அயனிகள் அவற்றின் வழியே உட்புகுவதும் வெளியேறுவதுமே மின்துடிப்பாக வெளிப்படுகின்றன. ஊசிக்கணவாயின் பருத்த நரம்பிழையில் இதனை அளந்து, 1952இல் சமன்பாடுகளாக வடித்துத் தந்தனர் ஆலன் ஹாட்ஜ்கினும் ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும். 1963இல் நோபல் பரிசில் அவர்களுக்குப் பங்கு கிட்டியது. அச்சமன்பாடுகளில் ஒவ்வொரு வகை வாயிலுக்கும் கடத்துதிறன் என்றோர் அளவு உண்டு. ஒரே வகை நரம்பணுக்கள் ஒரே வகையாகத் துடிப்பதால், அவற்றின் அளவுகளும் ஒன்றாகவே இருக்கும் என்று கருதுவது எளிதாயிற்று.

வட அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையோரம் வாழ்வது ஜோனா நண்டு. அதன் இரைப்பைத் தசைகளை இயக்கும் நரம்புமுடிச்சில் இருப்பவை ஏறத்தாழ 26 நரம்பணுக்களே. உடலினின்று பிரித்தெடுத்துக் கிண்ணத்தில் வைத்தாலும் அம்முடிச்சு தன் தாளத்தை விடுவதில்லை. ஏறத்தாழ நொடிக்கு ஒருமுறை, மூன்று பிரிவு அணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் துடிக்கும். ஒவ்வோர் அணுவையும் இன்னதெனச் சுட்டிக் காட்ட முடியும். ஆகவே ஒரு நண்டின் அணுவை வேறொரு நண்டின் அதே அணுவோடு ஒப்பிடவும் முடியும்.

பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஈவ் மார்டரும் அவருடைய குழுவினரும் அவ்வாறே ஒப்பிட்டனர். தாளம் ஒன்றுபோல் இருக்க, கடத்துதிறன்கள் நண்டுக்கு நண்டு இரண்டு முதல் நான்கு மடங்கு வரை வேறுபட்டன என்பதை 2006இல் வெளியிட்டனர். அதற்கு முன்னரே, 2004இல், மூன்று அணுக்கள் கொண்ட கணினி மாதிரியில் இரண்டு கோடிக்கும் மேற்பட்ட சேர்க்கைகளை அவர்கள் ஆராய்ந்திருந்தனர். ஒன்றோடொன்று ஒவ்வாத அளவுகளைக் கொண்ட இலட்சக்கணக்கான சேர்க்கைகள் அதே தாளத்தைத் தந்தன.

அடுக்களை அறிந்தோர்க்கு இது வியப்பன்று. ஒரு வீட்டுக் குழம்பில் புளி கூடுதல். வெல்லம் அதனைத் தணிக்கிறது. மற்றொரு வீட்டில் இரண்டுமே குறைவு. அளவுகள் வேறு; பதம் ஒன்று.

இதில் சராசரிக்கு ஒரு பாடம் உண்டு. இரண்டு எண்களின் பெருக்கம் 12 ஆக வேண்டும் எனக் கொள்வோம். 2, 6 என்பதும் சரி. 6, 2 என்பதும் சரி. சராசரி எடுத்தால் 4, 4 ஆகும். பெருக்கமோ 16 ஆகிவிடும். பல நரம்பணுக்களின் அளவுகளைச் சராசரியாக்கி அமைக்கும் மாதிரி, அவற்றுள் எதனைப்போலவும் துடிக்காமல் போகலாம் என்பது 2002இல் காட்டப்பட்டது.

இனி, பதத்தைப் பார்ப்பது யார்? வாயிற்புரதங்கள் நிலையானவை அல்ல. சில மணிகளிலோ நாள்களிலோ வாரங்களிலோ சிதைந்து, புதியன அவ்விடத்தில் அமர்கின்றன. நரம்பணுவோ ஆண்டுக்கணக்கில் வாழ்கிறது. அணுவினுள் புகும் கால்சியமே துடிப்பின் மிகுதியையும் குறைவையும் உணர்த்த, அதற்கேற்ப வாயில்கள் கூடியும் குறைந்தும் அமையலாம் என்னும் கருத்தை மார்டரும் லாரன்ஸ் அபட்டும் உள்ளிட்டோர் 1993இல் கணித மாதிரியாக முன்வைத்தனர். 1994இல் சோதனையும் துணைநின்றது. சிங்கி இறாலின் நரம்பணுவைத் தனியே பிரித்தபோது அது தன் கொத்துத் துடிப்பை இழந்தது. வளர்ப்பு ஊடகத்தில் சில நாள்கள் கழிந்ததும் மீண்டும் பெற்றது.

ஆயினும் பதம் காப்பதற்கும் எல்லை உண்டு. 2010இல் வெளிவந்த ஆய்வில், 7 பாகை செல்சியசிலிருந்து 23 பாகை வரை நீரைச் சூடாக்கியபோது தாளம் விரைந்ததே ஒழிய, துடிப்புகளின் வரிசையும் அவற்றிடையே உள்ள விகிதமும் பெரிதும் குலையவில்லை. வெப்பம் மேலும் ஏறினால் தாளம் சிதறுகிறது; அச்சிதறல் நண்டுக்கு நண்டு வேறுபடுகிறது. இயல்பான நாளில் மறைந்திருந்த வேற்றுமை, இடர் வரும் நாளில் வெளிப்படுகிறது.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது பழமொழி. நரம்பணுக்களின் உலகில் அது முழுமையாகச் செல்லாது. ஒரே நோய்க்கு ஒரே மருந்து ஒருவருக்கு உதவி, மற்றவருக்கு உதவாமற்போவதன் காரணங்களுள் இதுவும் ஒன்றாக இருக்கலாம். நலமாக இருப்போர் அனைவரும் ஒரே வழியில் நலமாக இல்லை. அளவை மட்டும் நோக்குவோர் இதனைக் குறை என்பர். பதம் அறிந்தோர் இதனையே உயிரின் வன்மை என்பர்.