கடைமடைத் தெருவிலிருந்து தொடங்குங்கள்!

(ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் பேசிய பேச்சு)

தோழர்களே!

கூலியும் பஞ்சப்படியும் போனசும் பேச வேண்டிய மேடையில் சாக்கடையைப் பற்றிப் பேச வந்துவிட்டார்களே என்று உங்களில் சிலர் நினைக்கலாம். சாக்கடையும் கூலிப் பிரச்னைதான். குடிதண்ணீர்க் குழாயில் சாக்கடை கலக்கிறது. வீட்டில் ஒரு பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு, இன்னொரு பிள்ளைக்கு மஞ்சள் காமாலை. ஆஸ்பத்திரி வாசலில் நின்ற நாட்களுக்குக் கூலி உண்டா? மருந்துச் செலவை யார் கொடுப்பார்? போராடிப் பெற்ற கூலி உயர்வைச் சத்தமில்லாமல் சாக்கடை கொண்டுபோய் விடுகிறது.

ஆகவே சென்னை நகரத்தின் பாதாளச் சாக்கடையை எடுத்துக்கொள்வோம். அதன் கதை தெரிந்தால் மற்ற ஊர்களின் கதையும் விளங்கும்.

கணக்கு எங்கே தப்பியது?

வெள்ளைக்காரன் ஆட்சியில், 1910ல், சென்னைக்குச் சாக்கடைத் திட்டம் வகுத்தார்கள். 1961ல் நகரத்தில் 6.6 லட்சம் பேர் இருப்பார்கள், ஆளுக்கு நாளொன்றுக்கு 114 லிட்டர் கழிவுநீர் என்பது அவர்கள் போட்ட கணக்கு. 1961ல் ஜனத்தொகை எடுத்தபோது இருந்தவர்கள் 17 லட்சத்து 29 ஆயிரம் பேர்! இரண்டரை மடங்குக்கும் மேல்.

இந்த ஜனங்கள் வானத்திலிருந்து விழுந்தவர்களா? துறைமுகம் கூப்பிட்டது, மில் கூப்பிட்டது, ரயில்வே தொழிற்சாலை கூப்பிட்டது; வந்தோம். வேலைக்கு ஆள் வேண்டும் என்றார்கள். அந்த ஆளுக்கு வீடு வேண்டும், வீட்டுக்குச் சாக்கடை வேண்டும் என்பதை மட்டும் யாரும் கணக்கில் எழுதவில்லை.

1958ல் திட்டத்தைத் திருத்தினார்கள். 1978ல் குடிநீருக்கும் கழிவுநீருக்கும் தனி வாரியம் அமைந்தது. 2011ல் சுற்றியிருந்த 42 உள்ளாட்சிகளைச் சேர்த்து, 174 சதுர கிலோமீட்டராக இருந்த மாநகராட்சியை 426 சதுர கிலோமீட்டர் ஆக்கினார்கள். தேசப்படத்தில் கோடு போட ஒரு நாள் போதும். தெருவில் குழாய் போட எத்தனை வருஷம்? சேர்க்கப்பட்ட பகுதிகளில் பலவற்றுக்கு அன்று பாதாளச் சாக்கடையே கிடையாது.

குழாய் ஏன் கெடுகிறது?

விவசாயத் தோழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வாட்டம் பார்த்து வாய்க்கால் வெட்டினால்தான் தண்ணீர் ஓடும். பாதாளச் சாக்கடையும் அப்படியே. வாட்டத்தில் ஓடி வரும் கழிவை ஓரிடத்தில் சேர்த்து, பம்பு வைத்து மேலேற்றி அடுத்த கட்டத்துக்குத் தள்ளுகிறார்கள். ஒரு பம்பு நின்றால் மேல்மடைக்காரனுக்கு ஒன்றும் தெரியாது. பள்ளத்துத் தெருவில் மூடியைத் தூக்கிக்கொண்டு கழிவு வெளியே வரும். பள்ளத்துத் தெருவில் குடியிருப்பது யார்? நாம்தான்.

குழாயில் கழிவு தேங்கினால் அழுகும். அழுகினால் ஹைட்ரஜன் சல்பைடு என்னும் விஷவாயு கிளம்பும். ஈரமான குழாயின் மேற்புறத்தில் அந்த வாயு கந்தக அமிலமாக மாறி, சிமெண்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். ஒரு நாள் மேலே ரோடு உள்வாங்கும். 'திடீர்ப் பள்ளம்' என்று பத்திரிகைகள் எழுதும். திடீர் என்று ஒன்றுமில்லை. பல வருஷம் அரித்த குழாய் அது. வெடித்த குழாய் வழியே மண்ணும் நிலத்தடி நீரும் உள்ளே புகும். கழிவு வெளியே கசியும். மழைக்காலத்தில் வடிகால் தண்ணீரும் இதிலே சேர்ந்தால், குழாய் எப்படித் தாங்கும்?

இறங்குவது யார்?

பழைய குழாய் அடைத்துக்கொண்டால் யாரை அனுப்புகிறார்கள்? தாழ்த்தப்பட்ட மக்களை. அதிலும் தினக்கூலிக்காரனை, கண்டிராக்டரின் ஆளை. அந்த விஷவாயு கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அதிகமானால் மூக்கு மரத்துப்போகும், நாற்றமே தெரியாது. ஆபத்தில்லை என்று நினைத்து இறங்கியவர் சாய்கிறார். அவரைத் தூக்க இன்னொருவர் இறங்குகிறார், அவரும் சாய்கிறார். ஒரே குழியில் இரண்டு பேர், மூன்று பேர் என்று செய்தி வருவது இதனால்தான்.

சட்டம் இல்லையா? இருக்கிறது. மனிதக் கழிவை மனிதன் அள்ளுவதைத் தடுக்க 1993ல் ஒரு சட்டம் செய்தார்கள். 2013ல் வந்த புதிய சட்டம், பாதுகாப்புக் கருவியின்றிச் சாக்கடையிலோ மலக்குழியிலோ ஆளை இறக்குவதையும் குற்றமாக்கியது. 1993க்குப் பின் இப்படி இறந்தவர்களின் குடும்பங்களுக்கு 10 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்று 2014 மார்ச் மாதம் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. 2023 அக்டோபரில் அந்தத் தொகையை 30 லட்சமாக்கியது. இத்தனைக்குப் பிறகும் சாவு நிற்கவில்லை. சாவுக் கணக்கில் தமிழ்நாடு முன்வரிசையில் நிற்பது நமக்கெல்லாம் தலைகுனிவு.

ஏன் நிற்கவில்லை? குழாய் பழையதாகவே இருக்கிறது; அடைப்பு ஏற்பட்டுக்கொண்டே இருக்கிறது; இயந்திரம் வரத் தாமதமாகிறது; மேஸ்திரி அவசரப்படுத்துகிறான். குழாயை மாற்றாமல் மிச்சம் பிடிக்கும் பணத்துக்கு ஈடாக ஒரு தொழிலாளியின் மூச்சை வாங்குகிறார்கள். நஷ்டஈடு வேண்டும், அதை விட்டுக்கொடுக்க மாட்டோம். ஆனால் நஷ்டஈடு போன உயிரின் கணக்கு. நாம் கேட்பது இருக்கிற உயிரின் கணக்கு.

நிலையம் மட்டும் போதுமா?

கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடி ஆகிய இடங்களில் சுத்திகரிப்பு நிலையங்கள் இருக்கின்றன. அங்கே நடப்பது மந்திரமல்ல. கம்பிச் சல்லடையில் குப்பையைப் பிடிக்கிறார்கள், மணலைப் படியவிடுகிறார்கள், பிறகு தொட்டியில் காற்றை ஊதுகிறார்கள். அந்தக் காற்றில் பெருகும் நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்று தீர்க்கின்றன. மிஞ்சும் சேற்றை மூடிய தொட்டியில் புளிக்க வைத்தால் எரிவாயு கிடைக்கும்; அதில் எஞ்சின் ஓட்டி மின்சாரமும் எடுக்கிறார்கள்.

2019ல் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் வீதம் கழிவுநீரை மேலும் வடிகட்டித் தெளிந்த நீராக்கும் ஆலைகள் அமைந்தன. அந்த நீர் மணலிக்கும், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கும் என்று திட்டமிடப்பட்டது. இதை நாம் குறை சொல்லவில்லை. தொழிற்சாலை சாக்கடை நீரைச் சுத்தம் செய்து வாங்கினால் ஏரித் தண்ணீர் ஜனங்களுக்கு மிஞ்சும். நல்ல காரியம். ஆனால் ஒன்று கேட்கிறோம்: தொழிற்சாலைக்குத் தேவை என்றதும் இவ்வளவு உயர்ந்த இயந்திரம் வருகிறதே, பள்ளத்துத் தெருவின் உடைந்த குழாய்க்கு மட்டும் ஏன் முறை வரவில்லை? கழிவு நிலையத்துக்கே வந்து சேராவிட்டால் நிலையம் என்ன செய்யும்? வழியில் உடைந்த கழிவு கூவத்துக்கும் பக்கிங்காம் கால்வாய்க்கும்தான் போகும்.

கிராமத்துக்கும் இதில் பங்கு உண்டு

பாதாளச் சாக்கடை இல்லாத வீடுகளில் மலக்குழி இருக்கிறது. அது நிறைந்தால் லாரி வந்து உறிஞ்சுகிறது. நிலையத்தில் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும் என்று 2014லேயே தமிழ்நாடு சர்க்கார் வழிமுறை வகுத்தது. அப்படியிருந்தும் இருட்டில் வாய்க்காலில் குழாயைத் திறந்துவிட்டுப் போகிற லாரிகள் உண்டு. விடிந்ததும் அந்தச் சேற்றில் வெறுங்காலோடு இறங்கி நாற்று நடுவது நம் பெண்கள். காலில் சொறி, வயிற்றில் கொக்கிப்புழு. நகரத்தில் குழிக்குள் இறங்குகிறவரும் கிராமத்தில் வயலில் இறங்குகிறவரும் ஒரே கழிவில்தான் நிற்கிறார்கள். அதனால் கோரிக்கையும் ஒன்றுதான்.

நாம் கேட்பது என்ன?

ஒன்று: எந்தத் தெருக் குழாய் எந்த வருஷம் போட்டது, எப்போது மாற்றுவார்கள் என்ற பட்டியலை வார்டு தோறும் வெளியிட வேண்டும். பள்ளத்துத் தெருக்களிலிருந்தே வேலை தொடங்க வேண்டும்.

இரண்டு: அடைப்பு எடுக்க இயந்திரம் ஒவ்வொரு வட்டாரத்திலும் தயாராக நிற்க வேண்டும். எந்த அவசரமானாலும் ஆள் இறங்கக் கூடாது. இறக்கியவர்மீது வழக்குப் போட வேண்டும். கண்டிராக்டரைக் காட்டி அதிகாரி தப்பக் கூடாது.

மூன்று: இந்த வேலை செய்யும் தொழிலாளரை நிரந்தரமாக்கி, இயந்திரம் ஓட்ட அவர்களையே பழக்க வேண்டும். இயந்திரம் வந்தது, நீ போ என்று சொல்ல விடமாட்டோம்.

நான்கு: மலக்குழி லாரிகள் கழிவைக் கொட்ட ஒவ்வொரு ஊருக்கும் எட்டும் தூரத்தில் இடம் வேண்டும், வாய்க்காலில் கொட்டினால் தண்டனை வேண்டும்.

தோழர்களே! வயலில் கடைமடைக்குத் தண்ணீர் வந்தால்தான் பாசனம் சரி என்போம். நகரத்திலும் கடைமடைத் தெருவின் சாக்கடை தடையின்றி ஓடினால்தான் திட்டம் நிறைவேறியதாக ஒப்புக்கொள்வோம். இந்தக் கோரிக்கைகளை எழுதி, தெருத்தெருவாகக் கையெழுத்து வாங்குங்கள். பெண்களிடம் முதலில் வாங்குங்கள். இந்தக் கஷ்டத்தை அதிகம் சுமப்பவர்கள் அவர்களே. சங்கக் கொடியோடு வார்டு ஆபீசுக்குச் செல்வோம். பதில் வரும்வரை திரும்பத் திரும்பச் செல்வோம்!