மண் மருந்தாகுமா?



வயிற்றுக் கோளாறுக்குக் களிமண்ணைக் கரைத்துக் குடிக்கலாம், அது இயற்கையானது, ஆகையால் கெடுதல் செய்யாது என்கிறார்கள். தேளும் இயற்கையானதுதான்; அதைக் கையில் பிடிக்கிறோமா?

களிமண்ணுக்குக் குணமே இல்லையென்று நாம் சொல்ல வரவில்லை. சுத்தப்படுத்திய ஒருவகைக் களிமண் வயிற்றுப்போக்கைக் குறைப்பதால் பிரான்சில் மருந்தாகவே விற்கப்படுகிறது. ஆனால் அந்தப் பிரான்சிலேயே 2019-ல், 2 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அதைக் கொடுக்க வேண்டாமென்று மருந்துக் கண்காணிப்பு இலாகா அறிவித்தது. காரணம், மண்ணிலுள்ள ஈயம். ஈயம் குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும். 2016-ல் அமெரிக்காவிலும் கடைக் களிமண்ணில் மிகுதியான ஈயம் கண்டு அரசாங்கம் எச்சரித்தது.

களிமண் விஷத்தை இழுத்துக்கொள்ளும் என்கிறார்கள். இது விஷம், இது மருந்து என்று பார்க்க மண்ணுக்குக் கண்ணுண்டா? நாம் சாப்பிடும் மருந்தையும் இரும்புச்சத்தையும் சேர்த்தல்லவா அது பற்றிக்கொள்ளும்?

சோதித்து விற்கும் மருந்துக்கே இவ்வளவு கட்டுப்பாடென்றால், எவரோ பொட்டலம் கட்டித்தரும் மண்ணுக்கு யார் ஜவாப்தாரி? ஆகவே கர்ப்பிணிகளும் குழந்தைகளும் அதைத் தொடவே வேண்டாம். பேதி கண்டால் உப்பு சர்க்கரைக் கரைசலைக் கொடுங்கள். நிற்காவிட்டால் டாக்டரிடம் போங்கள். எவர் சொன்னாலும், நாம் சொன்னாலும், காரணம் கேட்டபிறகே வாயில் போடுங்கள்.