சிறிய இடிபாடும் சுவர்ப் பாசியும்

தில்லியில் வாழும் நம்மவர்க்கு இடிபாடுகள் புதியன அல்ல. அலுவலகம் செல்லும் வழியிலேயே ஒரு கல்லறை, ஒரு வளைவு, கூரையிழந்த ஒரு மதில் கண்ணிற்படுகின்றன. உண்மையானவை இத்துணை இருக்க, அழகுக்காக ஒன்றைப் புதிதாய் எழுப்புவாரும் உளரோ என்று நேயர்கள் கேட்கலாம். உளர். 18-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் செல்வர்கள் தம் தோட்டங்களில் இடிந்த கோட்டைகளைப் புதிதாகவே கட்டுவித்தனர். 19-ஆம் நூற்றாண்டில், கம்பெனியாரின் பிரதிநிதியாயிருந்த தாமஸ் மெட்காஃப், மெஹ்ரௌலியில் குலீ கானின் கல்லறையையே தம் உல்லாச மாளிகையாக்கிக்கொண்டு, அதனருகே காட்சிக்கென்றே மண்டபமும் எழுப்பினார்.

அவருக்குப் பரந்த நிலம் இருந்தது. எங்களுக்கு இருப்பதோ இரண்டாம் மாடியில் வடக்கு நோக்கிய ஒரு தாழ்வாரம். அங்கே ஒரு மண் தட்டில் நாங்கள் இடிபாடு அமைத்ததற்குக் காரணம் உண்டு. கும்பகோணத்துக்கு அருகே எங்கள் பூர்வீக வீடு விலைபோய் இடிக்கப்பட்டபொழுது, எண்பது வயதைக் கடந்த தந்தையார் நான்கு செங்கற்களைத் துண்டில் சுற்றி ரயிலிற் கொண்டுவந்தார். கொல்லைப்புறத்துக் கிணற்றடிச் சுவரை, அதன் மாடக்குழியோடும் பாசியோடும் மீண்டும் பார்க்க வேண்டுமென்பது அவர் விருப்பம். நான்கே செங்கற்கள், கெடுத்துவிட்டால் ஐந்தாவது இல்லை.

ஆகவே முதலிற் சிமெண்டில் பழகிப் பார்த்தோம். 1 பங்கு சிமெண்டு, 1 பங்கு மணல், 2 பங்கு தேங்காய் நார்த்தூள் கலந்து ஒரு சுவர் வார்த்தோம். யாரோ சொன்னபடி மோரும் பாசியும் அரைத்துப் பூசினோம். பத்தே நாளில் வெண்பூஞ்சை பூத்து, தாழ்வாரம் முழுதும் நாற்றம் எடுத்தது. பாசி பழுத்து மடிந்தது. புதுச் சிமெண்டின் காரத்தைப் பாசி தாங்காது. அதனைப் பல வாரம் நீரில் ஊறவைத்து, நீரை அடிக்கடி மாற்றிக் காரத்தைப் போக்கியிருக்க வேண்டும்.

குளத்து நீரில் மிதக்கும் பாசி வேறு. சுவரிற் பட்டுப்போற் படரும் இது வேறு. இதற்கு மெய்யான வேர் இல்லை. சுவரைப் பற்றிக்கொள்ளச் சிறு இழைகள் மட்டுமே உண்டு. நீரை இலைகளாலேயே பருகும். எனவே எருவால் இதற்குப் பயனில்லை. ஈரத்தை விடாது வைத்திருக்கும் கரடுமுரடான பரப்பும் நிழலுமே தேவை. நன்கு வேகாத நாட்டுச் செங்கல் இதற்கு மிக உகந்தது.

பின்னரே தந்தையாரின் செங்கற்களில் வாளை வைத்தோம். 1 அடிக்கு அரை அங்குலம் என்பது கணக்கு. 8 அடிச் சுவர் 4 அங்குலமாயிற்று. இடிபாட்டை அமைப்போர் பெரும்பாலும் செய்யும் பிழை, கண்டவிடமெல்லாம் உடைத்து வைப்பது. சுவர் அவ்வாறு இடிவதில்லை. மேல்வரிசை முதலில் உதிரும். உதிர்ந்த கற்கள் அடியிற் குவியும். மழைநீர் வடிந்த வழியில் காரை கரையும். மெஹ்ரௌலியில் ஒரு ஞாயிறு முழுதும் நின்று இதனைப் பார்த்துக்கொண்டோம்.

அங்கிருந்து பாசி எடுக்கவில்லை. பாதுகாக்கப்பட்ட சின்னங்களைச் சுரண்டுவது 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். எங்கள் குடியிருப்பின் மழைநீர்க் குழாயடியில் ஆவணி மாதத்தில் வேண்டியமட்டும் கிடைத்தது. அதை உலர்த்திப் பொடித்துத் தூவினோம். ஒவ்வொரு துணுக்கும் புதுச்செடியாக வல்லது. உப்பு நீர் வெள்ளைப் படிவு விடுமாதலால், சேமித்த மழைநீரையே தெளித்தோம். கோடையில் 'லூ' காற்று வீசியபோது எல்லாம் கருகிவிட்டது. பாசி உலர்ந்து உறங்குமேயன்றி எளிதிற் சாகாது என்று அறிந்திருந்தும், தந்தையாரிடம் சொல்லத் துணிவு வரவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் பசுமை திரும்பியது. நாங்கள் தூவிய சுவர்முகத்தில் அன்று. அடியில், உதிர்ந்த கற்களின் இடுக்கில். தந்தையார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். "மாடக்குழியில் விளக்குப் புகைக் கறை இருக்குமே, அது எங்கே?" என்றார். விளக்கேற்றினால் பாசி வாடும். கரித்தூளைக் குழைத்து மெல்லத் தடவியிருக்கிறோம். சரி என்று அவர் இன்னும் சொல்லவில்லை.